கனிமச்சத்துகள் ஒன்றையொன்று தடுக்குமா, தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்து மாத்திரை வாங்க வருபவர்களும், இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மீண்டும் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருப்பதால், இடையில் தொடங்குபவர்கள் முன்னே சென்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே வரும் அளவுகள் பொதுவாக நலமாக இருக்கும் வளர்ந்தவர்களுக்கானவை. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

1. கனிமச்சத்து என்று எதைச் சொல்கிறோம்? மொத்தம் எத்தனை இருக்கின்றன?

உணவிலிருந்து நமக்குக் கிடைத்தே ஆக வேண்டிய, உடலால் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத தனிமங்களைத்தான் கனிமச்சத்து என்கிறோம். கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கந்தகம் ஆகியவை அதிக அளவில் தேவைப்படுபவை. இரும்பு, துத்தநாகம், செம்பு, அயோடின், செலீனியம், மாங்கனீசு, மாலிப்டினம் போன்றவை மிகச் சிறிய அளவில் தேவைப்படுபவை.

அளவு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும். வளர்ந்த ஒருவரின் உடலில் கால்சியம் ஏறத்தாழ 1 கிலோ இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். இரும்பு 3 முதல் 4 கிராம், துத்தநாகம் 2 கிராம் அளவு. செம்போ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கிறது. ஆகவே 1 மி.கி. என்பது கால்சியத்துக்குப் பொருட்டே இல்லை, செம்புக்கோ அது ஒரு நாளின் முழுத் தேவை.

2. ஒரு சத்து இன்னொரு சத்தைத் தடுக்கும் என்கிறார்களே, உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கிறது. முதலாவது குடல். அங்கே ஒரு கனிமம் வேறொரு பொருளோடு சேர்ந்து கரையாத கூட்டாகிவிட்டால், உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அல்லது இரண்டு கனிமங்கள் ஒரே கடத்திப் புரதத்துக்காகப் போட்டியிட, அளவில் மிகுந்தது முந்திக்கொள்ளும். இரண்டாவது சிறுநீரகம். சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியமும் கொஞ்சம் கூடவே போவதைப் போல, ஒன்றின் வெளியேற்றம் இன்னொன்றையும் இழுத்துச் செல்லும்.

மூன்றாவதை மக்கள் அதிகம் கேள்விப்படுவதில்லை, ஆனால் என் கருத்தில் அதுதான் மிக முக்கியமானது: ஒரு கனிமம் தன் வேலையைச் செய்ய இன்னொரு கனிமத்தின் துணை தேவைப்படுவது. சேமிப்பிலிருந்து இரும்பு வெளிவரச் செம்பு வேண்டும். கால்சியத்தை நிர்வகிக்கும் ஹார்மோன் சுரக்க மக்னீசியம் வேண்டும். தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடினோடு இரும்பும், அது செயல்படும் வடிவத்துக்கு மாறச் செலீனியமும் வேண்டும். தடுப்பதைப் பற்றியே கவலைப்படுபவர்கள் இந்தத் துணையை மறந்துவிடுகிறார்கள்.

3. அப்படியென்றால் சாப்பாட்டில் இதோடு இது சேரக்கூடாது என்று பிரித்துப் பிரித்துத்தான் சாப்பிட வேண்டுமா?

வேண்டியதில்லை. உணவில் கனிமங்கள் சிறிய அளவில், புரதங்களோடும் மற்றப் பொருள்களோடும் பிணைந்து, பல மணி நேரத்தில் மெதுவாகக் குடலை அடைகின்றன. அந்த அளவில் போட்டி பெரிதாக எழுவதில்லை. எடுத்துக்காட்டாக, இரும்பையும் துத்தநாகத்தையும் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தால், மிகுதியான இரும்பு துத்தநாகம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது; அதே இரண்டும் உணவோடு கலந்து வரும்போது அந்த விளைவு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தவிர, உடலில் ஒரு சத்து குறைந்தால் குடல் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். கூடினால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும்.

சிக்கல் தொடங்குவது, ஒரே கனிமத்தைப் பெரிய அளவில் மாத்திரையாக மாதக்கணக்கில் எடுக்கும்போதுதான். வட்டமாகக் கனிமங்களின் பெயர்களை எழுதி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்த ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. முல்டர் வரைபடம் என்று வழங்கும் அது மண்ணில் உள்ள சத்துகளைப் பயிர்கள் எடுத்துக்கொள்வதைப் பற்றியது. அதை வைத்து மனிதரின் உணவுத் தட்டைத் திட்டமிடுவதில் பொருளில்லை.

4. இரும்பு மாத்திரையைப் பாலோடோ தேநீரோடோ விழுங்கினால் வீண்தானா?

முழுக்க வீணாகாது, ஆனால் கணிசமாகக் குறையும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்து கரையாத கூட்டாகிவிடுகின்றன. 1983இல் வெளியான ஓர் அளவீட்டில், உணவோடு குடித்த தேநீர் அந்த உணவின் இரும்பு உறிஞ்சப்படுவதை ஏறத்தாழ 60 சதவீதமும், காப்பி ஏறத்தாழ 40 சதவீதமும் குறைத்தன. அதே ஆய்வில் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்த காப்பியால் பாதிப்பு ஏற்படவில்லை. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியோ தடுத்தது. உணவு இன்னும் குடலில்தான் இருக்கிறது என்பதே காரணம். எனவே இடைவெளியைக் கணக்கிடும்போது முன்பைவிடப் பின்பு அதிக நேரம் விடுவது நல்லது.

பாலில் தடுப்பது கால்சியம். 300 மி.கி.க்கு மேற்பட்ட கால்சியம் ஒரே வேளை உணவில் சேரும்போது இரும்பு உறிஞ்சப்படுவது பாதி வரை குறையலாம். தேநீரைப் போலன்றி, இது இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பையும் தடுக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் பாலோ கால்சியமோ எடுத்தவர்களின் இரும்புச் சேமிப்பை அளந்தபோது பெரிய வீழ்ச்சி காணப்படவில்லை, ஏனெனில் 3ஆம் பதிலில் சொன்ன ஈடுசெய்யும் ஏற்பாடு அங்கே வேலை செய்கிறது. ஆகவே இரத்தசோகை இல்லாதவர் உணவோடு பால் அருந்துவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர் மட்டும் அதைப் பால், தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுப்பது நல்லது.

5. எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் இரும்பு நன்றாக ஏறும் என்பது உண்மைதானே?

தாவர உணவின் இரும்புக்கு உண்மை. வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது, தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டேட்டும் (13), பாலிஃபீனாலும் அதைப் பிடித்துக்கொள்வதையும் குறைக்கிறது. மாத்திரை விஷயத்தில் பயன் குறைவு, ஏனென்றால் பெரும்பாலான இரும்பு மாத்திரைகளில் அந்த வடிவமே ஏற்கெனவே இருக்கிறது. 2020இல் வெளியான ஒரு சீன ஆய்வில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் எடுத்தவர்களுக்கும் இரும்பு மட்டும் எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறியதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

6. இரும்பு மாத்திரையை நாளுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்தால் சீக்கிரம் ஏறாதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உடலின் கணக்கு வேறு. இரும்பை வெளியேற்றுவதற்கென்று உடலில் தனி வழி கிடையாது. பழைய சிவப்பணுக்களிலிருந்து நாள்தோறும் 20 முதல் 25 மி.கி. இரும்பு மீட்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. உணவிலிருந்து உள்ளே வருவது 1 முதல் 2 மி.கி. மட்டும். எனவே வாசலிலேயே கட்டுப்பாடு வைத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இரும்பு மிகுந்தால் ஹெப்சிடின் உயர்ந்து, குடல் செல்லிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்த ஹார்மோனே கண்டறியப்பட்டது என்பதால், பழைய மருந்துச் சீட்டுப் பழக்கங்கள் இதைக் கணக்கில் கொள்ளாமல் உருவானவை.

60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு ஒரே வேளையில் சென்றால் ஹெப்சிடின் ஏறத்தாழ 24 மணி நேரம் உயர்ந்தே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் விழுங்கும் அடுத்த மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. உறிஞ்சப்படாத மிச்சம் குடலில் தங்கி வயிற்று எரிச்சலையும் மலச்சிக்கலையும் தருகிறது. நாளுக்கு ஒரு வேளை, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இப்போது பல மருத்துவர்கள் எழுதித் தருவதன் பின்னணி இதுதான். உங்கள் சீட்டில் இரண்டு வேளை என்று இருந்தால் நீங்களாக மாற்றாமல், இதைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

7. அட்டையில் 325 மி.கி. என்று போட்டிருக்கிறது, மருத்துவரோ 65 மி.கி. இரும்பு என்கிறார். எது சரி?

இரண்டுமே சரி. அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஃபெரஸ் சல்பேட் என்ற உப்பின் எடை. அந்த உப்புக்குள் இருக்கும் இரும்பின் எடை 65 மி.கி. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘தனிம இரும்பு’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். உலர்த்திய ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. கொண்ட மாத்திரையிலும் ஏறத்தாழ அதே 65 மி.கி. இரும்புதான் இருக்கிறது. முன்பக்க எண்ணை மட்டும் பார்த்து 325ஐ வலுவானது என்று எடுத்துக்கொள்பவர் ஏமாறுகிறார்.

கால்சியத்திலும் இதே கதை. கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதமும், கால்சியம் சிட்ரேட்டில் 21 சதவீதமும்தான் கால்சியம். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் தேவை, ஆகவே உணவோடு எடுக்க வேண்டும்; சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஏற்றது. எதுவானாலும் ஒரே வேளையில் 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படும் பங்கு குறைந்துகொண்டே போகும்.

8. கீரையில் பாலைவிடக் கால்சியம் அதிகம் என்று படித்தேன். பாலை விட்டுவிட்டுக் கீரையே சாப்பிட்டால் போதுமா?

எந்தக் கீரை என்பதைப் பொறுத்தது. பாலக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் ஆக்சலேட்டும் நிறைய இருக்கிறது, அது கால்சியத்தைக் கீரைக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடுகிறது. அளந்து பார்த்தபோது பாலின் கால்சியத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் உறிஞ்சப்பட, பாலக்கில் உள்ளதில் 5 சதவீதம் அளவே உறிஞ்சப்பட்டது. ஆக்சலேட் குறைந்த இலைக் காய்கறிகளில், முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்தவற்றில், இந்தக் குறை இல்லை. அவற்றின் கால்சியம் பாலுக்கு இணையாகவோ மேலாகவோ உறிஞ்சப்படுகிறது.

9. எனக்குச் சிறுநீரகத்தில் கல், அதுவும் கால்சியம் கல். அப்போது பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாமா?

இந்தக் கேள்வியில் உள்ள தர்க்கம் இயல்பானது, பல ஆண்டுகள் மருத்துவமே அப்படித்தான் அறிவுறுத்தியது. 1993இல் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. இதற்கான விளக்கம் 8ஆம் பதிலிலேயே இருக்கிறது. இந்தக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கால்சியமும் ஆக்சலேட்டும் குடலிலேயே சந்தித்துக்கொண்டால் இரண்டும் மலத்தோடு போய்விடும். உணவில் கால்சியத்தைக் குறைத்துவிட்டால், ஆக்சலேட் தனியாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு வந்து, அங்கே கால்சியத்தைச் சந்தித்துக் கல்லாகிறது.

ஆகவே கல் உள்ளவர் உணவோடு சேர்ந்த கால்சியத்தைக் கைவிடாமல், தண்ணீரைக் கூட்டி உப்பைக் குறைப்பதே முறை. கால்சியம் மாத்திரை எடுத்தே ஆக வேண்டுமென்றால் உணவோடு எடுக்க வேண்டும். உணவு இல்லாத நேரத்தில் எடுக்கும் மாத்திரைக்குக் குடலில் ஆக்சலேட்டைப் பிடிக்கும் வாய்ப்பு இல்லாமல், அது சிறுநீரில் கால்சியத்தை மட்டும் கூட்டிவிடும்.

10. உப்பைக் குறைப்பதற்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு? உப்பால் எலும்பும் தேயுமாமே?

சிறுநீரகத்தில் சோடியமும் கால்சியமும் ஒன்றையொட்டியே கையாளப்படுகின்றன. ஏறத்தாழ 2,300 மி.கி. சோடியம், அதாவது 6 கிராம் அளவு உப்பு, வெளியேறும்போது கூடவே 40 மி.கி. அளவு கால்சியமும் சிறுநீரில் போகிறது. கல் வரும் தன்மை உள்ளவருக்கு இது கூடுதல் மூலப்பொருள். எலும்பைப் பொறுத்தவரை, போதிய கால்சியம் உண்பவர் இந்த இழப்பைக் குடல் வழியாகவே சரிக்கட்டிக்கொள்வார். கால்சியம் குறைவாகவும் உப்பு மிகுதியாகவும் உண்பவரிடம்தான் எலும்பு அந்த விலையைக் கொடுக்க நேரும்.

11. எதிர்ப்புச் சக்திக்காக ஜிங்க் மாத்திரை எடுக்கிறேன். தொடர்ந்து எடுத்தால் தவறில்லையே?

இந்தத் தொகுப்பில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இது. ஜிங்க் என்பது துத்தநாகம்தான். ஒருவருக்கு ஒரு நாளில் தேவைப்படும் துத்தநாகம் 8 முதல் 11 மி.கி. அமெரிக்க வரையறைப்படி வளர்ந்தவர் தாண்டக்கூடாத மேல் எல்லை, உணவையும் மாத்திரையையும் சேர்த்து, நாளுக்கு 40 மி.கி. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 50 மி.கி. இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் எடுத்தால் பெரும்பாலும் தீங்கில்லை. மாதக்கணக்கில் போகும்போது பாதிக்கப்படுவது செம்பு.

குடல் சுவரின் செல்லுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். துத்தநாகம் மிகுதியாக வரும்போது அந்தச் செல் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறைய உருவாக்குகிறது. துத்தநாகத்துக்காக உருவான அந்தப் புரதம், செம்பைத் துத்தநாகத்தைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. உணவில் வந்த செம்பு செல்லுக்குள் நுழைந்தும் இரத்தத்துக்குப் போக முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ள, சில நாட்களில் அந்தச் செல் இயல்பாக உதிரும்போது செம்பும் அதோடு உதிர்ந்துவிடுகிறது. இதையே மருத்துவம் சாதகமாகவும் பயன்படுத்துகிறது: உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாக உப்பு ஒரு மருந்து.

தேவையில்லாமல் எடுப்பவருக்கு அதே மருந்து நோயாகிறது. இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, பாதங்களில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம் என்று அது வெளிப்படும். பல் செட்டை ஒட்டவைக்கும் பசையில் துத்தநாகம் இருந்த காலத்தில், அதை அளவுக்கு மிஞ்சிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள் இந்த நிலைக்கு ஆளானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. செம்பு கொடுத்தால் இரத்த அணுக்கள் சரியாகிவிடும். நரம்பு முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

12. மூன்று மாதமாக இரும்பு மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை. அளவைக் கூட்டலாமா?

கூட்டுவதற்கு முன்பு ஏன் அசையவில்லை என்று தேட வேண்டும். மாத்திரை ஒழுங்காக எடுக்கப்படவில்லை, தேநீரோடு எடுக்கப்படுகிறது (4), எங்கோ இரத்தம் கசிகிறது, குடல் உறிஞ்சவில்லை, குறைந்திருப்பது இரும்பே இல்லாமல் வைட்டமின் பி12 அல்லது ஃபோலேட், நாள்பட்ட அழற்சியால் ஹெப்சிடின் உயர்ந்து நிற்கிறது (6) என்று காரணங்கள் பல. இவற்றுள் அரிதானதும் எளிதில் தவறவிடப்படுவதும் செம்புக் குறைவு.

1928இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், எல்வெஜெம் ஆகியோரைக் கொண்ட குழு, பால் மட்டுமே கொடுத்து வளர்த்ததால் இரத்தசோகை வந்த எலிகளுக்குத் தூய இரும்பைக் கொடுத்துப் பார்த்தது, அவை தேறவில்லை. சிறிது செம்பையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் தேறின. சேமிப்பிலிருந்து வெளிவரும் இரும்பை இரத்தத்தில் பயணிக்கும் வடிவத்துக்கு மாற்றும் நொதியான செருலோபிளாஸ்மின் செம்பால் இயங்குவது என்பது பின்னாளில் தெரியவந்தது. இரும்புக்கு அசையாத இரத்தசோகையோடு வெள்ளணுவும் குறைந்திருந்து, அவர் ஜிங்க் மாத்திரை எடுப்பவராகவோ இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவராகவோ இருந்தால், செம்பை அளந்து பார்ப்பது நியாயமானது.

13. ஜிங்க் மிகுந்தால் கெடுதல் என்றால், குறைவாக இருக்கிறது என்கிற பேச்சே ஏன் வருகிறது?

ஏனென்றால் குறைவும் உண்மைதான். 1950களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மருத்துவர் ஆனந்த பிரசாத்திடம், 21 வயதாகியும் 10 வயதுச் சிறுவனைப் போல வளர்ச்சி நின்றுபோன ஓர் இளைஞர் வந்தார். இதே நிலையில் இருந்த மற்றவர்களையும் சேர்த்து 1961இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், அடுத்து எகிப்தில் செய்த ஆய்வுகளும்தான் மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்பதையே நிறுவின. அவர்களின் உணவில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. புளிக்க வைக்காத முழுத் தானிய ரொட்டியே பெரும்பகுதி உணவாக இருந்ததால், அதிலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தையும் இரும்பையும் குடலில் கட்டிவிட்டது.

ஃபைட்டேட் என்பது விதை தன் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம். முளைக்கும்போது விதையே அதைச் சிதைத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. தானியமும் பருப்புமே முதன்மை உணவாக உள்ளவர்கள் மாத்திரையை நாடுவதற்கு முன் இந்த மூன்றில் எதையாவது வழக்கமாக்கிக்கொள்வது, 11ஆம் பதிலின் ஆபத்து இல்லாத வழி.

14. பொட்டாசியம் குறைவு என்று மருந்து கொடுத்தார்கள், ஏறவே இல்லை. கால்சியமும் குறைகிறது. உடம்பில் எங்கேதான் ஓட்டை?

இப்படி இரண்டும் சேர்ந்து குறைந்து, கொடுத்தும் ஏறாமல் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மக்னீசியத்தை. சிறுநீரகக் குழாயின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் துளைகளை உள்ளிருந்து அடைத்து நிற்பது மக்னீசியம். அது குறைந்தால் அந்தத் துளைகள் திறந்துகொண்டு, கொடுக்கிற பொட்டாசியம் எல்லாம் சிறுநீரில் போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதைதான். கால்சியத்தின் வழி வேறு. இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் பாராதைராய்டு சுரப்பி ஹார்மோனைச் சுரந்து அதை மேலே கொண்டுவர வேண்டும். மக்னீசியம் மிகக் குறைந்தால் அந்தச் சுரப்பு தடைபடுகிறது. சுரந்த கொஞ்ச ஹார்மோனுக்கும் எலும்பு சரியாகச் செவிசாய்ப்பதில்லை. மக்னீசியத்தை நிரப்பினால் மற்ற இரண்டும் நிலைக்கத் தொடங்கும்.

மக்னீசியம் குறைவதற்கு உணவுக் குறைவைவிட இழப்பே பெரும்பாலும் காரணம்: நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, மிகுந்த மதுப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு, சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள். நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளும் மக்னீசியத்தைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. சாதாரணமாகத் தோன்றும் அந்த மாத்திரையைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

15. இரத்தத்தில் கால்சியம் அளவு சரியாக இருக்கிறது. அப்படியானால் என் எலும்பு நலம்தானே?

அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இதயமும் நரம்பும் ஒழுங்காக இயங்க இரத்தக் கால்சியம் குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும், அதற்காக உடல் எலும்பிலிருந்து எடுத்தாவது அந்த அளவைக் காப்பாற்றும். எனவே அந்த எண் எலும்பின் இருப்பைக் காட்டுவதில்லை; எலும்பு அடர்த்தியைத் தனியே அளக்க வேண்டும். மக்னீசியத்திலும் உடலின் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவே இரத்த நீரில் இருப்பதால், பரிசோதனை எண் சரியாக இருந்தும் குறைவு மறைந்திருக்கலாம்.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நல்ல அளவுகோல்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி நலமான வளர்ந்தவருக்கு ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைவு. ஆனால் காய்ச்சலிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் தானாக உயர்ந்துவிடுவதால், அந்த நேரத்தில் 70க்குக் கீழ் இருந்தாலே ஐயப்பட வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது.

16. தலைமுடியைப் பரிசோதித்து எல்லாக் கனிமங்களையும் சொல்லிவிடுகிறார்களாமே?

பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. 2001இல் ஒரே நபரின் முடி மாதிரியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது, சில கனிமங்களில் மிகக் குறைந்த முடிவுக்கும் மிக உயர்ந்த முடிவுக்கும் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. நச்சு உலோகங்களைக் கண்டறிவதில் முடிக்குச் சில பயன்கள் உண்டு. சத்துக் குறைவைக் காண அது ஏற்றதில்லை.

17. சோடியம் கெடுதல், பொட்டாசியம் நல்லது என்கிறார்கள். பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறிவிடலாமா?

ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டும் எதிரெதிரே நின்று ஒரே வேலையைச் செய்பவை. சோடியம் மிகுந்து பொட்டாசியம் குறைந்த உணவு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்குச் சோடியம் 2,000 மி.கி.க்குக் கீழும் (உப்பாக 5 கிராம்), பொட்டாசியம் 3,510 மி.கி. அளவும் பரிந்துரைக்கிறது. பழம், காய்கறி, பருப்பு வழியாகப் பொட்டாசியத்தைக் கூட்டுவது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது.

பொட்டாசியம் உப்பு விஷயத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது, முன்னறிகுறி இல்லாமலும் வரலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடவே கூடாது.

18. தைராய்டுக்குச் செலீனியம் நல்லது என்று ஒருவர் சொன்னார். நானாக எடுக்கலாமா?

2ஆம் பதிலில் சொன்னபடி தைராய்டு ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்குச் செலீனியம் தேவைதான். ஆனால் வரிசை முக்கியம். அயோடினும் செலீனியமும் சேர்ந்தே குறைந்திருந்த, அப்போது சயீர் எனப்பட்ட காங்கோவின் வடபகுதி மக்களுக்குச் செலீனியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளியானது. தைராய்டு ஏற்கெனவே பழுதடைந்திருந்தவர்களிடம் ஹார்மோன் அளவு மேலும் சரிந்தது. இருந்த கொஞ்ச ஹார்மோனைச் செலீனிய நொதிகள் விரைவாகச் செலவழித்துவிட்டதே காரணம் என்று விளக்கினார்கள். அயோடின் போதிய அளவில் இருக்கிறதா என்று பாராமல் செலீனியத்தைத் தொடங்கக் கூடாது.

தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரமும் இதில் குறைவு. நாள் தேவை 55 மைக்ரோகிராம் அளவு, அமெரிக்க மேல் எல்லை 400. முடி உதிர்வதும் நகம் உடைவதும் மிகுதியின் அடையாளங்கள். முடி உதிர்வதற்காகவே செலீனியம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

19. காய்ச்சலாக இருக்கும்போது இரும்பு மாத்திரையைத் தொடரலாமா?

கிருமிகளுக்கும் இரும்பு தேவை. அதனால் தொற்று வந்தவுடன் உடல் ஹெப்சிடினை உயர்த்தி, இரத்தத்திலிருந்து இரும்பை ஒதுக்கி மறைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மாத்திரை பெரும்பாலும் உறிஞ்சப்படுவதும் இல்லை. மலேரியா மிகுந்த தான்சானியாவின் பெம்பா தீவில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில், மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடியதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. கடுமையான தொற்றின்போது சில நாட்கள் நிறுத்தி, தேறியபின் தொடர்வதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. சாதாரணச் சளிக்காக நிறுத்த வேண்டியதில்லை.

20. இவ்வளவு சிக்கல் இருந்தால், எல்லாம் கலந்த ஒரே மாத்திரையை எடுத்துவிட்டால் போகாதா?

நாள் தேவையை ஒட்டிய சிறிய அளவுகள் கொண்ட கலவை மாத்திரையால் பெரிய தீங்கில்லை. ஆனால் அது குறைவைக் குணப்படுத்தப் போதாது, குறைவு இல்லாதவருக்குத் தேவையுமில்லை. தனித்தனியாகப் பல மாத்திரைகள் எடுப்பவர்கள், ஒரே கனிமம் இரண்டு மூன்று புட்டிகளில் இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். துத்தநாகம்தான் அடிக்கடி இப்படி இரட்டிப்பாகிறது.

21. எனக்குத் தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூன்றும் உண்டு. எதை எப்போது எடுப்பது?

தைராய்டு மாத்திரைக்கு முதலிடம் கொடுங்கள். அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, இரும்பையும் கால்சியத்தையும் குறைந்தது 4 மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை தைராய்டு மருந்தைக் குடலிலேயே கட்டிவிட, மருந்தின் அளவைக் காரணமின்றிக் கூட்டிக்கொண்டே போக நேரும். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை என்றால், 11 மணி அளவில் இரும்பு, இரவு உணவோடு கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள்ளலாம். இரும்பை வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டுகிறது என்பவர்கள் சிறிது உணவோடு எடுக்கலாம். உறிஞ்சல் கொஞ்சம் குறைந்தாலும், மாத்திரையையே நிறுத்திவிடுவதைவிட அது மேல்.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இடையில் வந்தால் அவற்றைக் கனிம மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது மருந்தைப் பொறுத்து 4 முதல் 6 மணி நேரம் பின்பு எடுக்க வேண்டும். அந்த ஐந்தாறு நாட்களுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சத்து மாத்திரைகளை நிறுத்தி வைப்பது இன்னும் எளிது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் எடுப்பவர்கள், அதை எழுந்தவுடன் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி நேரமாவது வேறு எதுவும் எடுக்காமல், படுக்காமல் இருக்க வேண்டும். அந்த நாளில் தைராய்டு மாத்திரையும் காலையிலேயே உண்டென்றால், எதை முன்னால் எடுப்பது என்பதைச் சீட்டு எழுதியவரிடம் கேட்டு, பதிலை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.